பதினோராம் கேள்வி

டுலூத்தில் ஏப்ரல் பிறந்தும் ஏரி இன்னும் உடையவில்லை.
கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள்.
மார்லிஸ் கோஸ்கெலா
பட்டறை வாசலில் காரை நிறுத்தி
ஹீட்டரை அணைக்காமல்
ஸ்டியரிங் மேல் படிவத்தை விரித்து நிரப்புகிறாள்.

பத்துக் கேள்வி வரை பேனா ஓடியது.
பிறந்த தேதி. முகவரி. ஓட்டுநர் உரிம எண்.
அவசரத்துக்கு யாரை அழைப்பது?
தங்கையின் எண்ணை எழுதினாள்.
தங்கை எடுப்பாளா என்று படிவம் கேட்கவில்லை.

பதினொன்று:
எப்போதாவது குற்றவாளி எனத் தீர்ப்பானது உண்டா?
உண்டு. இல்லை.
துவரம்பருப்பு அளவில் இரண்டு கட்டங்கள்.

எப்போதாவது.
எவ்வளவு நீளமான சொல்.
அதற்குள் இருபத்திரண்டு வயது இருக்கிறது.
அம்மாவின் இரண்டாம் கணவருடைய காசோலைப் புத்தகம் இருக்கிறது.
அவர் பெயரின் கடைசி எழுத்தை
அவரைவிட அழகாகச் சுழித்த இதே கை இருக்கிறது.
ஏழு காசோலை, நாலாயிரத்துச் சொச்சம் டாலர்,
பதினான்கு மாதம்.

போன அக்டோபரில் ஒரு நீதிபதி
ஒரே பக்கத்தில் அத்தனையையும் துடைத்தார்.
காசு வாங்காமல் வாதாடிய வக்கீல்
நீதிமன்றப் படிக்கட்டில் நின்று
சாண்ட்விச்சை மென்றபடி சொன்னாள்:
"இனி அது நடக்கவே இல்லை.
யார் கேட்டாலும் இல்லை என்று சொல். பொய் ஆகாது.
போலீஸ் வேலை, பள்ளிக்கூட வேலை என்றால் மட்டும்
எனக்கு ஒரு போன் போடு."

இல்லாததை இல்லை என்பதில் என்ன இருக்கிறது?
ஆனால் அந்த இல்லாதது
எப்படி மணக்கும் என்று இவளுக்குத் தெரியும்:
ப்ளீச், வெந்த முட்டைக்கோஸ்,
யாரோ தலையணைக்கடியில் ஒளித்த ஆரஞ்சுத் தோல்.

இல்லை. குறி போட்டாள்.
ஒன்றும் ஆகவில்லை.
சாலையில் உப்பு லாரி ஒன்று போனது.

பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து.
பிறகு பதினாறு, சும்மா நிற்பதுபோல் நின்றது:
வெல்டிங் எங்கே கற்றீர்கள்?

அட.
சான்றிதழ் இருக்கிறது. வீட்டில், காலுறை டிராயரில்.
அதில் முத்திரை இருக்கிறது.
நீதிபதியின் கை எட்டாத ஒரே இடம் அந்த முத்திரை.
நடக்காத தண்டனையில்
நடக்காத ஒரு கொட்டகையில்
கழுத்து வலிக்க அண்ணாந்து
தலைக்கு மேல் தையல் போடக் கற்றது மட்டும்
நடந்திருக்கிறது.
இடது மணிக்கட்டில் பொறி விழுந்த தழும்பு இருக்கிறது.
குற்றத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.
தொழிலை இவளிடமே விட்டார்கள்,
ஊர் பேர் இல்லாமல்.

'நானே கற்றது' என்று எழுதினாள். அடித்தாள்.
'வேலை செய்துகொண்டே' என்று எழுதினாள்.
ஒரு மணி நேரத்துக்கு இருபத்தைந்து சென்ட் தந்தார்கள்,
ஆகவே அது வேலைதான்.
பதினொன்றில் ஒரு கறை இல்லை.
பதினாறில்தான் அடித்த இடம் கறுத்துக் கிடந்தது.

கடைசியில், மேற்கண்டவை யாவும் உண்மை.
கையொப்பம்.

பேனா தானாகவே சுழிக்கப் பார்த்தது.
மணிக்கட்டை ஸ்டியரிங்கில் அழுத்திக்கொண்டு
ஒவ்வோர் எழுத்தாக,
முதல் வகுப்புப் பிள்ளைபோல்,
சுழியே இல்லாமல் தன் பெயரை எழுதினாள்.
யார் வேண்டுமானாலும் போலி செய்துவிடலாம்,
அத்தனை மொட்டையான கையெழுத்து.

உள்ளே, சட்டையில் 'டெல்மர்' என்று தைத்திருந்த ஆள்
முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார்.
இரண்டாம் பக்கத்தின் மேல்
காபிக் கோப்பையை வைத்தார்.
"திங்கட்கிழமை ஏழு மணிக்கு வா.
தகடு தருவோம், ஒட்டிக் காட்டு.
சொந்த முகமூடி உண்டா?"

"உண்டு" என்றாள்.